பொன்னாடைக்கு நிற்காத கால்

என் நாத்தனார் மாரிச்செல்வியிடம் ஒரு காரியத்தை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். சரி என்று கேட்டுக்கொள்வாள். மறுநாள் காலையில் அதையேதான் செய்துகொண்டிருப்பாள். வ. புதுப்பட்டியிலிருந்து ராஜபாளையத்துக்கு மருமகளாக வந்த நான், முதல் மாதத்திலேயே இதைத் தெரிந்துகொண்டேன். சண்டை போடுகிறவளைச் சமாளித்துவிடலாம். சண்டையே போடாமல் நினைத்ததைச் சாதிக்கிறவளை என்ன செய்வது?

அவளுக்கு இப்போது இருபத்தாறு வயது. நைட்டி தைக்கிற யூனிட் ஒன்றில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறாள். அதே யூனிட்டில் நான் பிசிறு வெட்டி, மடித்து, பேக்கிங் போடுகிறேன். காலையில் ஒன்றாகப் போய்ச் சாயங்காலம் ஒன்றாக வருகிறோம். நாத்தனாரும் மதினியும் இப்படி ஒரே சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக் கண் வைக்கிறவர்களும் தெருவில் உண்டு.

கொரோனா சமயத்தில் யூனிட்டை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தவள் போனில் கொரிய சீரியல் பார்க்க ஆரம்பித்தாள். தமிழில் பேச வைத்த சீரியல்தான். நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். மாமியார் கொடுமை அந்த ஊரிலும் உண்டு என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. நான் சீரியலோடு நின்றுவிட்டேன். அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். ஆறு பையன்கள் சேர்ந்து பாடி ஆடுகிற ஒரு குழு. எனக்கு ஆறும் ஒரே முகமாகத் தெரிந்தது, தலைமுடியின் நிறம் மட்டும் மாதத்துக்கு ஒன்று. அவளோ ஒவ்வொருவனையும் பேரோடும் பிறந்த ஊரோடும் சொல்லுவாள்.

என் வீட்டுக்காரர் பாண்டிச்செல்வம் பட்டாளத்தில் இருக்கிறார். லீவில் வந்தவர் தங்கச்சியின் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னட்டி இது, உதட்டுக்குச் சாயம் பூசுத பயலுவளப் போயி பாத்துக்கிட்டு இருக்க?" என்றார். அவள் வேறொரு படத்தை எடுத்துக் காட்டினாள். அந்த ஆறு பேரில் ஒருவன் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, யூனிபார்மில் விறைப்பாக சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான். அந்த நாட்டில் எவ்வளவு பெரிய பாட்டுக்காரனாக இருந்தாலும் பட்டாளத்துக்குப் போய் வந்துதான் ஆக வேண்டுமாம். இவர் படத்தைப் பெரிதாக்கி, செத்த நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஷூ பாலிஷ் நல்லாத்தான் போட்டிருக்கான்," என்றார். அன்றிலிருந்து அந்தப் பையன்களை வீட்டில் யாரும் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல முடியாது.

அவள் ஒருத்திதான் இப்படி என்று நினைத்தால் அதுவும் இல்லை. பஜாரில் ஃபேன்ஸி ஸ்டோர் முழுக்கக் கொரிய கிளிப், கொரிய கிரீம். பெட்டிக்கடையில் மிட்டாய்ச் சரத்துக்குப் பக்கத்தில் கொரிய நூடுல்ஸ் தொங்குகிறது. நாங்கள் தைக்கிற நைட்டிக்கே 'கொரியன் மாடல்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறோம், நன்றாகப் போகிறது. கொரியாவில் யாராவது நைட்டி போடுகிறார்களா என்று இதுவரை ஒரு கடைக்காரரும் கேட்டதில்லை.

மற்றவர்கள் பார்த்தார்கள், வாங்கினார்கள். மாரிச்செல்விக்கு ஆட வேண்டும். அவளோடு மூன்று பேர் சேர்ந்தார்கள். பியூலா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகாலட்சுமி ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவள். சிவரஞ்சனி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற காலேஜ் பிள்ளை, முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். நாலு பேருக்கும் ஒத்து வருகிற நேரம் விடிகாலை மட்டும்தான். ஊருக்கு மேற்கே தென்னந்தோப்பு ஓரத்தில் நெல் காயப் போடுகிற சிமெண்டுக் களம் இருக்கிறது. யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தேங்காய் மட்டையை அடையாளம் வைத்து ஆடுவார்கள். பாட்டைப் போட்டு ஒரு தடவை, பாட்டை நிறுத்திவிட்டு மனதுக்குள் எட்டு எட்டாக எண்ணிக்கொண்டு ஒரு தடவை. "பாட்டு எதுக்கு, நம்ம ஒடம்புக்குத் தெரியணும்," என்பாள் மாரிச்செல்வி. தோட்டத்துக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு, என்ன பாட்டு என்று கேட்பார்கள். இவர்கள் சொன்னதும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார்கள்.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் யூனிட்டிலிருந்து திரும்பும்போது சொன்னாள்:

"எங்க ஆடுனாலும் என்ன பாட்டுன்னுதான் கேக்காவ மதினி. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, பாட்டு தெரிஞ்ச சனத்துக்கு முன்னால ஆடணும்."

அதற்கு வழி ஒன்றுதான் இருந்தது. சென்னையில் வருஷா வருஷம் ஒரு கொரிய நடனப் போட்டி நடக்கிறது. பல ஊர்களிலிருந்து வீடியோ அனுப்புவார்கள், அதில் பத்துக் குழுவை மட்டும் மேடைக்குக் கூப்பிடுவார்கள். வீடியோவுக்குச் சட்டம் கடுமை. பொது இடத்தில், ஜனங்கள் நின்று பார்க்க ஆட வேண்டும். முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். ஆட்டம் நடுவில் நிற்கக் கூடாது, வெட்டி ஒட்டக் கூடாது.

முதல் வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் ஆடினார்கள். பாதிப் பாட்டில் பூக்காரம்மா ஒருவர் கூடையோடு நடுவில் புகுந்து, பிள்ளைகள் வெறுந்தலையாக ஆடுகிறார்களே என்று ஆளுக்கு ஒரு முழம் மல்லிகை கொடுக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு துண்டாக எடுத்து ஒட்டி அனுப்பினார்கள், திரும்பி வந்தது. அடுத்த வருஷம் எந்தத் தொந்தரவும் வேண்டாம் என்று அய்யனார் கோவில் பக்கம் மலையடிவாரத்துக்குப் போனார்கள். ஒரே மூச்சில் அருமையாக வந்தது. பார்த்தது மட்டும் குரங்குகள். பார்வையாளர்கள் இல்லை என்று அதையும் தள்ளிவிட்டார்கள்.

இந்த வருஷம் பியூலாவுக்கு சவூதியில் வேலை கிடைத்துவிட்டது. ஆடி பிறப்பதற்குள் கிளம்பிவிடுவாள். நாலு பேரும் சேர்ந்து ஆட இதுதான் கடைசி வாய்ப்பு. ஜனங்கள் தானாகக் கூடுகிற இடம் வேண்டும், யாரும் குறுக்கே வராத மேடை வேண்டும். எங்கள் தெரு மாரியம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்கு ஒவ்வொரு வருஷமும் மதுரையிலிருந்து ஆடல் பாடல் குழு வரும். அவர்கள் மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு பாட்டுக்கு இடம் கேட்பது என்று மாரிச்செல்வி முடிவு செய்தாள்.

எனக்குப் பகீரென்றது. எங்கள் பக்கத்து ஆடல் பாடலைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். பாட்டு சூடு பிடிக்கிற இடத்தில்தான் மைக்கில் அறிவிப்பு வரும். ரேடியோ செட்காரர் பாட்டின் சத்தத்தை இறக்குவார். இன்னார் மகன் இன்னார் சார்பில் இந்தப் பாடலுக்கு அன்பளிப்பு என்று சொல்லி, ஒருவர் மேடை ஏறிப் பொன்னாடை போர்த்துவார். ஆடுகிறவர்கள் நின்று, கும்பிட்டு, வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு பாட்டை ஏற்றுவார்கள். பாட்டு முடிந்த பிறகு செய்கிற மரியாதை ஆறிப்போன காபி மாதிரி, ஒருத்தருக்கும் வேண்டாம்.

இவளுக்கு இது தெரியாதா? தெரிந்துதான், பொங்கலுக்கு முந்தின நாள், லீவில் வந்திருந்த அண்ணனைக் கூட்டிக்கொண்டு கமிட்டித் தலைவர் சோலைச்சாமி மாமாவிடம் போனாள். நானும் போனேன். மாமா தேங்காய் வியாபாரி. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"மாமா, எங்க பாட்டு ஓடும்போது மட்டும் யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. அன்பளிப்பு வேண்டாம், பொன்னாட வேண்டாம்."

"மரியாத வேண்டாம்னு கேக்குத மொத ஆளு நீதாம்மா."

"ஆட்டம் நின்னா எல்லாம் போச்சு மாமா. மூணு வருசமா அலையிதோம். நாளைக்கழிச்சுப் பொழுது சாயுறதுக்குள்ள வீடியோவ அனுப்பியாகணும்."

மாமா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர், "பிள்ள கேக்குது மாமா," என்று மட்டும் சொன்னார்.

"சரி. உங்க பாட்டு முடியிற மட்டும் மைக்க ஒருத்தன் கையிலயும் குடுக்காம நானே வச்சுக்கிடுதேன். போதுமா?"

போதும் என்று சந்தோஷமாக வந்துவிட்டோம். மைக்கை வைத்துக்கொள்கிறவரை யார் பிடித்து வைப்பது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொங்கலன்று சாயங்காலம் முளைப்பாரி எல்லாம் கரைத்து முடிந்து, விளக்குப் போட்ட நேரம். தெரு நிறைய ஜனம். மாரிச்செல்வி நைட்டித் துணியின் பூ தெரியாமல் உள்பக்கத்தை வெளியே வைத்து நாலு பேருக்கும் ஒரே மாதிரி சட்டை தைத்திருந்தாள், கறுப்பு பேண்ட். வீடியோ எடுக்கிற வேலை எனக்கு. என் கை நடுங்காது என்று அவளுக்கு நம்பிக்கை. கோவிலுக்கு எதிரே நின்ற குட்டியானை வண்டியின் மேல் ஏறி நின்றுகொண்டேன். ரேடியோ செட் பொன்னுராஜ் அண்ணாச்சி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் போனில் சிவப்புப் புள்ளியைத் தொட்டுவிட்டுத் தலையசைத்தேன்.

பாட்டு ஆரம்பித்ததும் முன்வரிசைப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "எந்த ஊருப் பாட்டுட்டி இது?" என்று யாரோ கேட்டது என் காதில் விழுந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் பேச்சு அடங்கிவிட்டது. நாலு பேரும் ஒரே ஆள் மாதிரி ஆடினார்கள். ஒருத்தி கை திரும்பினால் நாலு கையும் திரும்பியது. களத்தில் எத்தனையோ விடிகாலையில் நான் பார்த்த ஆட்டம்தான், மேடை வெளிச்சத்தில் எனக்கே புதிதாக இருந்தது.

மேடை ஓரத்தில் சோலைச்சாமி மாமா மைக்கை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அறிவிப்புச் சீட்டோடு வந்த இரண்டு பேரைக் கையாலேயே விரட்டிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். பாதிப் பாட்டில் பார்த்தால் அவர் கால் தாளம் போட்டது. அதற்குப் பிறகு பார்த்தால் நாற்காலியில் ஆளைக் காணோம்.

பாட்டு இறங்கியது.

"அன்பான பொதுமக்களே," என்றது மாமாவின் குரல். "நம்ம தெருப் பிள்ளைக ஆடுத ஆட்டத்தப் பாத்தியளா? முடியட்டும்னுதான் இருந்தேன். மனசு கேக்கல. கமிட்டி சார்பா நானே போத்துதேன்."

ஒரு கையில் மைக், இன்னொரு கையில் சரிகைப் பொன்னாடை. முகமெல்லாம் சிரிப்பு. மேடையின் நடுவுக்கே வந்துவிட்டார்.

நின்றால் வீடியோ போச்சு, பியூலா போய்விடுவாள், சென்னை அவ்வளவுதான். நிற்காமல் ஆடினால் கோவில் வாசலில், ஊரே பார்க்க, வயதில் மூத்தவர் போர்த்துகிற பொன்னாடையைத் தட்டிவிட்ட மாதிரி. நாளைக்குத் தெருவில் தலை குனிய வேண்டியவர் என் வீட்டுக்காரர். போன் திரையின் ஓரத்தில் அவர் தெரிந்தார். பட்டாளத்துக்காரர் இப்படி முழிப்பதை நான் பார்த்ததே இல்லை.

மாமா பொன்னாடையை விரித்தார். மாரிச்செல்வி அதற்குத் தோளைத் தாழ்த்திக் கொடுத்தாள். பொன்னாடை விழுந்ததும் இரண்டு கையையும் சேர்த்து, தலை குனிந்து, முறையாகக் கும்பிட்டாள். கால் நிற்கவில்லை. ஆட்டத்தில் அந்த இடத்துக்கு உரிய அடியை ஒன்று விடாமல் போட்டுக்கொண்டே கும்பிட்டாள்.

மற்ற மூன்று பேரின் கைகளும் அப்போது தலைக்கு மேலே இருக்க வேண்டும். மகாலட்சுமி மாரிச்செல்வியை ஒரு பார்வை பார்த்தாள். அவள் கைகள் இறங்கி நெஞ்சுக்கு முன்னால் சேர்ந்தன. உடனே பியூலா, உடனே சிவரஞ்சனி. நாலு பேரும் கும்பிட்ட கையோடு, எட்டு எண்ணுகிற வரைக்கும், ஒரே சீராகக் கால் மாற்றினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் பேசி வைக்கவில்லை.

பாட்டு கிடையாது. மேடைப் பலகையில் நாலு பேர் கால் விழுகிற சத்தம் மட்டும்தான். அடுத்தது நாலு பேரும் நடுவில் குறுக்காக இடம் மாற வேண்டிய கட்டம், நடுவில் மாமா நிற்கிறார். பந்தல்காலைச் சுற்றிப் போவது போல அவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் இரண்டு பேர் சுற்றிப் போனார்கள். மாமா எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றினார். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அந்தக் கால் சத்தத்துக்குக் கை தட்ட ஆரம்பித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் தட்டினார்கள். பிறகு தெருவே தட்டியது.

பாட்டு நிற்கவில்லை, இறங்கித்தான் இருந்தது. உள்ளுக்குள் அது எந்த இடத்தில் ஓடுகிறது என்று பொன்னுராஜ் அண்ணாச்சியின் ஹெட்போனுக்குத்தான் தெரியும். அவர் கண்ணை மேடையை விட்டு எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மாமா ஒரு வழியாகப் படியில் இறங்கியதும் பாட்டை ஏற்றினார்.

தாளம் வந்து விழுந்த அதே நொடியில் நாலு காலும் விழுந்தன. ஒரு மயிரிழை முன்னே இல்லை, பின்னே இல்லை. தெரு போட்ட சத்தத்தில் கோவில் அரசமரத்துக் காக்கைகள் கலைந்து பறந்தன. போன் பிடித்த என் கை அசையவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் மாரிச்செல்வி அந்தப் பொன்னாடையோடேயே ஆடினாள்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் நாலு பேரும் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தார்கள். சிவரஞ்சனி முகம் தொங்கிவிட்டது. "நடுவுல பாட்டே கேக்கல அக்கா. மாமா வேற குறுக்க நிக்காவ. அதுபோக…" என்று என்னைப் பார்த்து நிறுத்தினாள். பாட்டு இல்லாத அந்த நேரம் முழுக்க ஒரு பொம்பளைக் குரல் கேட்டது. "ஏட்டி செல்வி, நிக்காத. நிக்காதட்டி. ஆடு." என் குரல்தான். கத்தினது எனக்குத் தெரியவே தெரியாது. வெட்கத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இன்னொரு தடவை எடுக்கலாம், பஸ் ஸ்டாண்டில் ஆடலாம் என்று சிவரஞ்சனி சொல்வது கேட்டது. அன்று சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும், பியூலாவுக்கோ மத்தியானத்திலிருந்து டியூட்டி. மாரிச்செல்வி வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். முடிந்ததும் சிவரஞ்சனியிடம் கேட்டாள்:

"நாம எங்கயாச்சும் நின்னமா?"

"இல்ல."

"வெட்டுனமா?"

"இல்ல."

"பொறவென்ன," என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆனி மாதத்தில் பதில் வந்தது. பத்தில் ஒன்றாக எங்கள் பிள்ளைகள், ஆனி முடிவதற்குள்ளேயே போட்டி. மதினியும் கூடப் போனால்தான் அனுப்புவேன் என்று என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து போனில் சொன்னார். எனக்கென்ன கசக்கிறதா, சென்னை பார்த்து வந்தேன். கிளம்புகிற அன்று சோலைச்சாமி மாமா ரயிலடிக்கே வந்து ஒரு சாக்குத் தேங்காய் கொடுத்தார். சென்னையில் தேங்காயை யாருக்குக் கொடுப்பது என்று நான் கேட்டதற்கு, போட்டி நடத்துகிறவர்களுக்குக் கொடு என்றார்.

அந்த அரங்கம் முழுக்கச் சின்ன வயதுப் பிள்ளைகள், கையில் விளக்குக் குச்சிகளோடு. எங்கள் நாலு பேரும் மேடை ஏறினார்கள். பாட்டின் முதல் வரி வந்ததும் அரங்கமே கூடச் சேர்ந்து பாடியது. ஒரு சொல் விடாமல், கொரிய பாஷையில், தொண்டை கிழியப் பாடினார்கள். நான் ஓரத்திலிருந்து மாரிச்செல்வியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷத்தில் ஒரு அடி தப்பாதவள், இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் நிறைந்திருந்தது. பிறகு ஓடிப் போய் வரிசையைப் பிடித்துக்கொண்டாள். பரிசு வேறு குழுவுக்குப் போனது.

திரும்பி வருகிற ரயிலில் மற்ற மூன்று பேரும் படுத்துவிட்டார்கள். நான் அவளைச் சும்மா விடவில்லை.

"ஏட்டி, மாமா மைக்கோட வந்து நட்ட நடுவுல நின்னாவ, அப்பவே நிக்காதவ. அங்க போயி என்னத்துக்கு நின்ன?"

"எல்லாரும் பாடுனாவ மதினி," என்றாள். "அம்புட்டுப் பேரும். கேக்கணும்போல இருந்துச்சு. கால் தன்னால நின்னுட்டு."

"வருத்தமா இருக்காட்டி?"

"இல்ல. கேட்டுட்டம்லா." போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "அடுத்த தடவ கால் நிக்காது."

"பியூலா இல்லாம எப்பிடி ஆடுவ?"

"மூணு பேரு ஆடுத பாட்டும் இருக்கு," என்று போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள்.